கை சுத்தமாக இருக்கிறது, ஆனால் யாரும் அசரவில்லையே, ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். வீடியோ பார்த்துப் பார்த்துச் சீட்டுக்கட்டிலும் நாணயத்திலும் ஒரு இருபது வித்தை கற்றுக்கொண்டீர்கள். கண்ணாடி முன்னால் செய்தால் உங்களுக்கே எதுவும் தெரிவதில்லை, இதுவரை யாரிடமும் மாட்டியதும் இல்லை. ஆனால் ஆட்களிடம் செய்து காட்டினால் "ம், நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் "இன்னொரு தடவை செய், கண்டுபிடிச்சுக் காட்டறேன்" என்று மல்லுக்கு நிற்கிறார்கள். இன்னும் கஷ்டமான வித்தைகளுக்குப் போகலாமா, அல்லது பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கஷ்டமான வித்தை பற்றிய பகுதிக்குப் பதில் ஒரே வரிதான்: போக வேண்டாம், இருக்கும் இருபதில் பதினாறைக் கொஞ்ச காலத்துக்கு மூட்டை கட்டி வையுங்கள். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு. ஏமாற்றுவது நடக்கிறது, ஆனாலும் எதிரே நிற்பவருக்கு ஏன் ஒன்றுமே ஆவதில்லை? அதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல வருடமாக மேஜையைச் சுற்றி நாலைந்து பேரை வைத்துக்கொண்டு செய்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். மேடை, குழந்தைகள் கூட்டம், கேமரா இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லாத இடங்கள், அங்கே நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் உங்களைப் பார்த்ததில்லை, ஆனாலும் ஒன்றில் பந்தயமே கட்டுவேன்: வித்தை செய்யும்போது உங்கள் கண் உங்கள் கையில்தான் இருக்கிறது. கண்ணாடி முன்னால் பழகுகிற எல்லாருக்கும் வருகிற வியாதி இது. மாட்டிக்கொள்கிறோமா என்று பார்க்கத்தானே கண்ணாடி, அதனால் மாதக்கணக்கில் கையையே பார்த்துப் பழகிவிடுகிறோம், அப்புறம் ஆள் முன்னால் போய் நின்றாலும் கண் அங்கேதான் போகிறது. நீங்கள் கையைப் பார்த்தால் அவரும் கையைத்தான் பார்ப்பார். ஜான் ராம்சே என்ற ஸ்காட்லாந்துக்காரர், நாணய வித்தையில் பெரிய கை, இதை ஒரு விதியாகவே சொல்லிவைத்தார்: ஒரு பொருளை எல்லாரும் பார்க்க வேண்டுமென்றால் நீ அதைப் பார், உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் நீ அவர்களைப் பார். எளிமையாக இருக்கிறது என்று தள்ளிவிடாதீர்கள், இதை உடம்பில் ஏற்றுவதற்குள் இரண்டு சீட்டை ஒன்றுபோல் தூக்கிக் காட்டுகிற டபுள் லிஃப்ட் எல்லாம் சுலபம் என்று ஆகிவிடும்.

இது அனுபவசாலிகளின் நம்பிக்கை மட்டும் என்றும் சொல்ல முடியாது. குஸ்தாவ் கூன் என்ற உளவியல் ஆய்வாளர், அவரும் வித்தைக்காரர்தான், மைக்கேல் லேண்டுடன் சேர்ந்து 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பந்தை இரண்டு முறை நிஜமாகவே மேலே எறிந்து பிடிப்பார்கள், மூன்றாவது முறை எறிவதுபோல் கையை மட்டும் அசைத்துவிட்டுப் பந்தைக் கையிலேயே மறைத்துக்கொள்வார்கள். அப்போது வித்தைக்காரர் பந்து போகிற மாதிரி மேலே பார்த்தால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பந்து மேலே போனதாகவே தெரிந்தது. அதே அசைவில் தன் கையைப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குத்தான் அப்படித் தெரிந்தது. கையில் எந்த வித்தியாசமும் இல்லை, மாறியது பார்வை மட்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: பார்த்தவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தபோது, அவர்கள் கண் அந்த இல்லாத பந்தைத் தேடி மேலே போகவே இல்லை, வித்தைக்காரரின் முகத்துக்குத்தான் அடிக்கடி போனது. ஆக, உங்கள் விரலைப் பார்ப்பதாக நீங்கள் நினைத்துப் பயப்படுகிற ஆள், உங்கள் முகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். அங்கே என்ன எழுதியிருக்கிறது? மாட்டிக்கொள்வோமோ என்ற பதற்றம்.

ஒரு வித்தையை எடுத்துப் பிரித்தே பார்ப்போம். வலது கையில் இருக்கும் நாணயத்தை இடது கைக்குக் கொடுப்பதுபோல் காட்டி வலது கையிலேயே வைத்துக்கொள்வது எல்லாரும் முதல் வாரத்தில் கற்கிற பாடம், இதைச் சொல்வதால் யார் பிழைப்பும் கெட்டுவிடாது. முதலில் நாணயத்தை நிஜமாகவே இடது கையில் வைத்துப் பாருங்கள், ஒரு தடவை அல்ல, சலிக்கும் வரை. வைக்கும்போது கண் ஒரு நொடி நாணயத்தோடு போகும். இடது கை விரல்கள் அதன் எடை பட்டவுடன்தான் மூடும். கொடுத்து முடித்த வலது கை வேலை முடிந்த கைபோல் தொய்ந்து கீழே இறங்கும், அது எங்கே இறங்கியது என்றுகூட உங்களுக்கு நினைவிருக்காது. இப்போது பொய்யாகச் செய்து பாருங்கள். வலது கை அந்தரத்தில் விறைத்து நிற்கும், கட்டைவிரல் துருத்திக்கொண்டிருக்கும், இடது முஷ்டியைத் தேவையில்லாத வேகத்தில் ஓரமாகக் கொண்டுபோயிருப்பீர்கள், கண் அந்த முஷ்டியில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். நாணயம் எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரியாமலே இருக்கலாம், ஆனால் இந்த இடத்தில் என்னமோ நடந்தது என்று தெரிந்துவிடுகிறது. அவர் உங்களிடம் வந்து சொல்லமாட்டார், நாகரிகமாகச் சிரித்துவிட்டுப் போனை எடுப்பார். அமெரிக்காவில் வாழ்ந்த டாய் வெர்னான் என்ற சீட்டு வித்தைக்காரர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது, இயல்பாக இரு என்பதுதான். நம்மில் பலர் அதைச் "சாதாரணமாக இருப்பதுபோல் நடி" என்று புரிந்துகொள்கிறோம். நிஜமாகச் செய்கிறபோது என் கை எப்படிப் போகிறது என்று படித்து, பொய்யை அதற்கு இணையாகக் கொண்டுவருகிற வேலை அது.

இப்போது அதே வித்தையில் எதிரே இருப்பவரைக் கொண்டுவாருங்கள். இடது முஷ்டியை மூடியதும் திறந்துவிடாதீர்கள். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்து, "நீங்க எழுதறது எந்தக் கையில, வலதா இடதா?" என்று நிஜமாகவே பதில் வேண்டும் என்ற தோரணையில் கேளுங்கள். அவர் யோசிக்கிற அந்த ஒரு நொடியில் உங்கள் வலது கையை உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. "வலது" என்பார். "சரி, அந்தக் கையை இதுக்கு மேல வையுங்க" என்று இடது முஷ்டியின் மேல் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் மெதுவாகத் திறங்கள். உத்தி துளிகூட மாறவில்லை, ஆனால் முன்பு உங்கள் கையிலிருந்து உங்கள் நாணயம் காணாமல் போனது, இப்போது அவர் மூடிக் காவல் காத்த இடத்திலிருந்து போயிருக்கிறது. டாமி வொண்டர் என்ற டச்சு வித்தைக்காரர் வலியுறுத்திய கருத்து இங்கேதான் உதவும்: கவனத்தை ஒரு இடத்திலிருந்து விரட்டப் பார்க்காதே, அது போய் உட்கார இன்னொரு நல்ல இடம் கொடு. நீங்கள் அவரைக் கேட்ட கேள்வி அப்படி ஒரு இடம். கேள்வி வெறும் பாசாங்காக இருந்தால் மட்டும் வேலை செய்யாது, பதிலைக் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குத் தாவுகிறவரை ஜனங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேகம் வேண்டும் என்று யாராவது சொன்னால் ரெனே லாவாண்டைத் தேடிப் பாருங்கள். அர்ஜென்டினாக்காரர், 1928-ல் பிறந்தவர், ஒன்பது வயதில் விபத்தில் வலது கையை இழந்தார். மீதி வாழ்க்கை முழுக்க இடது கையால் மட்டும் சீட்டு வித்தை செய்தார், அதுவும் நிதானமாக, "இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது" என்று சொல்லிக்கொண்டே இன்னும் மெதுவாக. இரண்டு கை வைத்துக்கொண்டு நாம் ஏன் இப்படி அவசரப்படுகிறோம் என்று தோன்றும்.

உங்கள் இரண்டாவது பிரச்சினை, மல்லுக்கு நிற்கிறவர்கள். இவர்களைப் பெரும்பாலும் நாம்தான் உருவாக்குகிறோம். "கவனமாப் பாருங்க" என்று ஆரம்பித்தால் அவர் வேறு என்ன செய்வார்? "என் கையில ஒண்ணும் இல்லை பாருங்க" என்றால் அடுத்த கை எங்கே என்று பார்ப்பார். "இது சாதாரண சீட்டுக்கட்டு" என்று சொன்னால், அதுவரை அந்தச் சந்தேகமே வராதவருக்கும் வந்துவிடும். கை காலி என்று சொல்லாதீர்கள், காலிக் கையால் மேஜையில் இருக்கும் டம்ளரை நகர்த்தி வையுங்கள், போதும். சீட்டுக்கட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்துக் கலைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிறதை வாயால் வர்ணிப்பதையும் நிறுத்துங்கள்: "இப்போ மேல இருக்கிற சீட்டை எடுக்கறேன், அதை நடுவில வைக்கறேன்" என்று கிரிக்கெட் கமெண்டரி சொல்கிற வித்தைக்காரர்கள் ஏராளம், வீடியோவில் கற்றுக்கொடுக்கிறவர் கற்றுக்கொடுப்பதற்காகப் பேசியதை அப்படியே காட்சியிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியும் ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள், கட்டை அவரே பிடிக்கட்டும், அவரே எண்ணட்டும். தன்னைச் சோதிக்கிறார்கள், முட்டாளாக்கப் போகிறார்கள் என்ற பயத்தில்தான் பலர் முறைக்கிறார்கள். "எப்படி மாட்டினீங்க பார்த்தீங்களா" என்ற தொனி உங்கள் பேச்சில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் முதலில் அதை வெட்டுங்கள். "இன்னொரு தடவை" என்று கேட்டால் செய்யாதீர்கள், திரும்பச் செய்வதற்கென்றே கட்டப்பட்ட வித்தையைத் தவிர. அதற்கு வெர்னானே சாட்சி. எந்த வித்தையையும் மூன்று முறை காட்டினால் பிடித்துவிடுவேன் என்று, பூட்டு விலங்கிலிருந்து தப்பிப்பதில் பேர்போன வித்தைக்காரர் ஹூடினி சவால் விட்டுக்கொண்டிருந்தார். 1922-ல் சிகாகோவில் வெர்னான் அவரிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி, அதைக் கட்டின் மேலிருந்து இரண்டாவதாகச் செருகினார், சீட்டு மேலே வந்து நின்றது. மூன்றையும் தாண்டித் திரும்பத் திரும்பச் செய்தும் ஹூடினிக்குப் பிடிபடவில்லை. ஆனால் அது ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்குக் காட்டியது. அவரை மடக்குவதுதான் அங்கே நோக்கம். நம் எதிரே இருப்பவர் ஹூடினியும் இல்லை, சவாலும் விடவில்லை.

யார் கையில் முடிகிறது என்பது அடுத்த விஷயம், என் கணக்கில் மிகப் பெரிய விஷயம். ஸ்பாஞ்ச் பந்தை வைத்துச் செய்கிற பழைய வித்தையைப் பல பேர் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள், மெத்தப் படித்த சீட்டுக்காரர்கள் குறிப்பாக. உங்களிடம் ஒரு பந்து, அவர் கையில் ஒரு பந்து, உங்களுடையது மறைகிறது, அவர் கையைத் திறந்தால் இரண்டு. இதை ஒரு கோடி முறை பார்த்திருந்தாலும் அந்தக் கை திறக்கிற நொடியில் அந்த முகம் சலிப்பதில்லை. காரணங்களைக் கவனியுங்கள். இறுக்கிப் பிடித்த ஸ்பாஞ்ச், விரல் தளர்ந்ததும் தானாக விரிந்து வெளியே குதிக்கிறது, எனவே அவர் பார்ப்பதற்கு முன் அவர் தோல் உணர்ந்துவிடுகிறது. திறக்கிறவர் அவர், உங்கள் கை பக்கத்தில்கூட இல்லை. சுற்றியிருக்கிறவர்கள் அந்த நேரத்தில் உங்களை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் கத்தினால் கூடவே கத்துகிறார்கள். திறக்கும் முன் "இப்போ கையில எத்தனை இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். "ஒண்ணு" என்று அவர் வாயால் வரவேண்டும். அந்த "ஒண்ணு" இல்லாமல் செய்தால் வித்தை பாதிதான்.

அதேபோல் அவருடைய நாணயம், அவர் கையெழுத்திட்ட சீட்டு, அவர் சொன்ன எண். கடன் வாங்கிய பொருளைக் கொஞ்சம் மரியாதையாகக் கையாளுங்கள், முக்கியமாக மோதிரம். பழகாத கைக்கு மோதிரம் வேண்டாம், அதைத் தவறவிட்டால் எந்தப் பேச்சும் காப்பாற்றாது. யாரைக் கூப்பிடுவது என்பதிலும் நிதானம் வேண்டும். முதலில் முன்வந்து சத்தம் போடுகிறவரை விட, லேசாகச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவர் பெரும்பாலும் நல்ல தேர்வு. கூச்சப்படுகிறவரை இழுத்து நடுவில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், முடிந்த பிறகு வாயை மூடுங்கள். வித்தை நடந்தவுடன் அடுத்ததுக்குக் கட்டைக் கலைக்க ஆரம்பிக்கிற பழக்கம் ஏறக்குறைய எல்லாரிடமும் உண்டு, மௌனத்துக்குப் பயம்தான் காரணம். ஆச்சரியப்பட அவருக்கு நேரம் வேண்டாமா? இரண்டு மூன்று நொடி ஒன்றும் செய்யாமல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், அவர் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார், அப்போதுதான் வித்தை முடிந்தது. அதற்குப் பிறகு ஒரே வாக்கியத்தில் நடந்ததை நினைவுபடுத்துங்கள்: "கலைச்சது நீங்க, நிறுத்தச் சொன்னதும் நீங்க." மனித நினைவு நாம் நினைப்பதைவிட வளைந்து கொடுக்கும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் யோஹான்சன், ஹால் என்ற ஆய்வாளர்களின் குழு 2005-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. இரண்டு முகப் படங்களைக் காட்டி எது அழகு என்று கேட்பார்கள், தேர்ந்தெடுத்ததும் சீட்டு வித்தை உத்தியால் படத்தை மாற்றி, வேண்டாம் என்று விட்டதைக் கையில் கொடுத்து, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பார்கள். பெரும்பாலான மாற்றங்களை யாரும் கவனிக்கவில்லை, தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்குக் காரணங்களும் அடுக்கினார்கள். நம் தொழிலுக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது என்றால், அவர் நாளைக்கு நண்பரிடம் சொல்லப்போகிற கதையை இன்றைக்கே நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். அப்படிச் சொல்லும்போது கதை இன்னும் பெரிதாகித்தான் போகும், "அவர் கட்டைத் தொடவே இல்லை" என்பார். நாம் மறுக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. இனிமேல் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். பேட்டரை, அதாவது வித்தை செய்துகொண்டே பேசுகிற பேச்சை, வார்த்தைக்கு வார்த்தை எழுதி மனப்பாடம் செய்யலாமா என்பதில் நல்ல வித்தைக்காரர்களே இரண்டு கட்சி. நான் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் எழுதி வைத்துக்கொள்வேன், நடுவில் இருப்பது எதிரே நிற்பவரைப் பொறுத்து. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு முழுதும் எழுதி வைத்துக்கொள்வது தைரியம் தரலாம், நான் அந்த ரகம் இல்லாததால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கதை சொல்லிச் செய்வது பற்றியும் அப்படித்தான். நாலு ராஜாக்கள் கோட்டைக்குள் புகுந்து கொள்ளையடித்தார்கள் என்று சீட்டை வைத்துச் சொல்கிற கதைகள் எனக்குச் சகிக்காது, கேட்கிறவர் பாவம் தலையாட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் லாவாண்ட் கதையும் கவிதையும் சொல்லித்தான் செய்தார், ஆட்கள் கண்கலங்கினார்கள். அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது என்று நினைக்கிறேன். நகைச்சுவையும் இப்படித்தான், சாதாரணமாகப் பேசும்போது சிரிக்கவைக்கிறவராக இருந்தால் செய்யுங்கள், வித்தைக்காக மட்டும் ஜோக்கராக மாறாதீர்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். நான்கு வித்தை போதும் என்றேன், அதில் ஒன்று சட்டென்று தொடங்கி அரை நிமிடத்துக்குள் முடிவதாக இருக்கட்டும், நீங்கள் யார் என்று தெரிய அது போதும். ஒன்று கட்டாயம் அவர் கையில் முடியட்டும். கண்ணாடியை மூடிவிட்டுச் சுவரில் முக உயரத்தில் ஒரு புள்ளியை வைத்து அதைப் பார்த்துக்கொண்டே, வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யுங்கள். மனசுக்குள் பேசுவது கணக்கில் சேராது, நாக்கும் விரலும் ஒன்றாக ஓடும்போதுதான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். ரகசிய அசைவு வருகிற இடத்தில் உங்கள் பேச்சு நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் நிற்கும், மூச்சையும் பிடித்துக்கொள்வீர்கள். அந்த இடத்தில் உடம்பைத் தளர்த்திப் பின்னால் சாயப் பழகுங்கள். டோனி ஸ்லைடினி என்ற வித்தைக்காரர் இதில் மன்னன், முன்னால் குனிந்தால் எல்லாரும் கூர்ந்து பார்ப்பார்கள், பின்னால் சாய்ந்தால் அவர்களும் தளர்வார்கள், வேலையெல்லாம் அந்தத் தளர்வில்தான் நடக்கும். போனை எதிரே உட்காருகிறவரின் கண் உயரத்தில் வைத்து எப்போதாவது பதிவு செய்யுங்கள், கோணத்தில் எங்கே தெரிகிறது என்று பார்க்க, ஆனால் முதல் தடவை ஒலியை மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்கிறவருக்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ரோமானியச் சிந்தனையாளர் செனெக்கா ஏறக்குறைய 2000 வருடத்துக்கு முன் ஒரு கடிதத்தில், கிண்ணத்தையும் கூழாங்கல்லையும் வைத்துச் செய்கிற செப்படி வித்தையைப் பற்றி எழுதும்போது, அந்த ஏமாற்றுதான் தனக்குப் பிடித்திருக்கிறது, எப்படி என்று சொல்லிவிட்டால் ஆர்வம் போய்விடுகிறது என்கிறார். அதனால் சொல்லாதீர்கள், ஆனால் "அது ரகசியம்" என்று மிடுக்காகவும் நிற்காதீர்கள். நான் வழக்கமாக "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பேன். அவர் சொல்கிற விளக்கம் பெரும்பாலும் உண்மையைவிட ரொம்பக் கஷ்டமானதாக இருக்கும், சில சமயம் அதிலிருந்தே எந்த இடத்தில் அவருக்குச் சந்தேகம் வந்தது என்று பிடித்துவிடலாம், அடுத்த ஆளுக்குச் செய்யும்போது அதைச் சரிசெய்துகொள்ளலாம். உங்கள் இருபதின் பட்டியலைப் போடுங்கள், எந்த நான்கை வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.